சக்கரம் வைத்த வீட்டுக்கு ஒரு கூரை

எங்கள் வீட்டுக்கு நாலு சக்கரம் இருந்தது. இதைச் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்று இப்போதும் சிலர் நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் மலையைப் பார்த்துப் போகிற ரோட்டோரம் ஒரு காலி மனையில், நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பழைய ராணுவ ஆம்புலன்ஸுக்குள் குடித்தனம் நடத்தினோம். அவர் பட்டாளத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வரும்போது எல்லாரும் டிரங்குப் பெட்டியோடு வருவார்கள். இந்த மனுஷன் ஏலத்தில் எடுத்த வண்டியோடு வந்து நின்றார்.

"இத வச்சு என்ன செய்யப் போறிய?" என்று கேட்டேன்.

"குடியிருக்கப் போறோம்" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்த வாய் அப்புறம் கோணிக்கொண்டது, ஏனென்றால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். என் மாமனார் சாகும்போது, வீடும் மாந்தோப்பும் மூத்தவனுக்கு, ரோட்டோரத்து மனை இளையவனுக்கு என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். இளையவர் என் வீட்டுக்காரர். அவர் பட்டாளத்தில் இருந்த காலத்தில் அவருடைய அண்ணன் அந்த மனையையும் சேர்த்துத் தனதென்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். பேசித் தீர்க்கலாம் என்று அவர் வீட்டுக்குப் போனோம். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் இருக்கிற கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார்: "பிள்ளையில்லாதவனுக்கு எதுக்குய்யா மனை? யாருக்கு விட்டுட்டுப் போகப் போறான்?"

எனக்குப் பிள்ளை இல்லை. அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அத்தனை பேருக்கு முன்னால், கையில் காபி டம்ளரோடு நான் நின்றுகொண்டிருக்கும்போது சொன்னாரே, அந்த நிமிஷம் முடிவு செய்தேன். இந்த மனையில் ஒரு பிடி மண்ணைக்கூட விடக் கூடாது. செத்தாலும் அங்கேதான் சாவேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கேஸ் போட்டோம். எங்கள் வக்கீல் நல்ல மனுஷர், ஆனால் கறார். "கேஸ் முடியிற வரைக்கும் அங்க ஒரு செங்கல் வைக்கக் கூடாது. ஆனா நீங்க அந்த இடத்துல இருக்கணும். இருந்தாத்தான் கேஸு நிக்கும்" என்றார். வீடு கட்டக் கூடாது, ஆனால் வீடு இருக்க வேண்டும். யாரிடம் போய்ச் சொல்ல? அப்போதுதான் அந்த ஆம்புலன்ஸின் அருமை எனக்குத் தெரிந்தது.

ஸ்ட்ரெச்சர் வைத்த இடத்தில் பலகை போட்டுக் கட்டில். மருந்துப் பெட்டிகளின் தட்டில் என் மளிகைச் சாமான். பின்கதவைத் திறந்தால் மண்ணெண்ணெய் ஸ்டவ். ஜன்னலுக்கு என் பழைய சேலையில் திரை. வண்டியின் நெற்றியில் சிவப்புச் சிலுவை அழித்த தடம் தெரிந்தது. அதன் மேல் அவர் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார். ஊர்க்காரர்கள் "சக்கரம் வச்ச வீட்டு அக்கா" என்று எனக்குப் பேர் வைத்தார்கள். பால்காரர்கூட, "ஏக்கா, நாளைக்கு இங்கதான இருப்பிய, இல்ல மதுரைக்குப் போயிருவியளா?" என்று கேலி செய்வார்.

அந்த வண்டியின் ஹாரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கக்குவான் இருமல் வந்தவன் இருமுவதைப் போல ஒரு சத்தம். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் மனைக்குத் திரும்புகிற முக்கில்தான் அண்ணன் வீடு. சாமான் வாங்க வண்டியை எடுத்துப் போய்த் திரும்பும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் அந்த முக்கில், ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும், நீட்டி ஒரு ஹாரன் கொடுப்பார். அண்ணனை வம்புக்கு இழுப்பதற்காகத்தான். "வேண்டாம்ங்க, சும்மா இருக்கிற சங்க ஊதிக் கெடுக்காதிய" என்பேன். கேட்டால்தானே?

புரட்டாசிக் கடைசியில் அந்தக் காற்று வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். மலைப் பக்கம் திடீரென்று கருத்தது. ஒரு பேய்க்காற்று. மனை ஓரத்தில் நின்ற வாகை மரம் படபடவென்று அடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு நான் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன். சாத்தின கையை எடுக்கவில்லை, தலைக்கு மேலே இடி விழுந்தது மாதிரி ஒரு சத்தம். அடியாத்தி! வாகையின் பெரிய கிளை முறிந்து கூரையில் விழுந்து, கூரைத் தகடு கட்டில் வரைக்கும் இறங்கிவிட்டது. நான் ஸ்டவ் பக்கம் நின்றதால் பிழைத்தேன். அந்த நேரத்தில் கட்டிலில் படுத்திருந்தால் இன்றைக்கு இதை எழுத ஆள் இல்லை.

அவர் ஓடிவந்து என்னை இழுத்து இறக்கினார். இரண்டு பேரும் மழையில் நனைந்துகொண்டே வண்டியைப் பார்த்தோம். கூரைக்கு உள்ளே இருக்கிற இரும்பு வளைவுகள் ஒடிந்திருந்தன. கண்ணாடி நொறுங்கி, என் அரிசியெல்லாம் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பட்ட காலிலே படும் என்பார்களே. மறுநாள் வக்கீல் சொல்லியனுப்பினார். கோர்ட்டிலிருந்து கமிஷனர் வருகிறாராம். மனையில் யார் இருக்கிறார்கள், என்ன இருக்கிறது என்று நேரில் பார்த்து எழுதுவாராம். விஜயதசமி அன்று, மத்தியானத்துக்கு முன்னால்.

நான் ஓட்டமாக ஓடி வக்கீலைப் பார்த்தேன். "வண்டி ஒடஞ்சு கெடக்குங்க. அப்படியே இருக்கட்டுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தப் பக்கம் என்ன சொல்லியிருக்காங்க தெரியும்ல? அங்க யாரும் குடியிருக்கல, காயலான் கடை வண்டி ஒண்ணு போட்டு வச்சிருக்காங்கன்னு. இப்ப கமிஷனர் வந்து பாத்தா அவருக்கு என்ன தெரியும்?"

காயலான் கடை வண்டிதான் தெரியும். சரி பண்ணியாக வேண்டும். மனையில் கரண்ட் கிடையாது, அங்கே வைத்து வெல்டிங் வைக்க முடியாது. ராஜபாளையத்து ஷெட்டுகளில் காற்றில் அடிபட்ட வண்டிகளும், பூஜைக்குப் பெயிண்ட் அடிக்க வந்த லாரிகளும் வரிசை கட்டி நின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாடி ஷெட்காரர் ராணுவ வண்டி பார்த்தவர், பூஜைக்கு முன்னால் முடித்துத் தருகிறேன் என்றார். ஆனால் வண்டி நாள் கணக்கில் நகர்ந்தால் மனை காலி. காலி மனையில் அண்ணன் வேலி போட்டுவிட்டால் வண்டி உள்ளே வர முடியாது. கமிஷனர் வேலியைப் பார்த்து எழுதிவிட்டுப் போய்விடுவார்.

"நீங்க வண்டியோட போங்க. நான் மண்ணோட இருக்கேன்" என்றேன்.

"ஒத்தையிலயா?"

"பின்ன, படைய வச்சுட்டா போகப் போறிய? போங்க."

தார்ப்பாயைக் கட்டி, ஒரு கயிற்றுக் கட்டிலையும் ஸ்டவ்வையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ராத்திரிக்குப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டு அம்மா வந்து துணைக்குப் படுத்துக்கொண்டாள். வண்டி போன அன்றே அண்ணன் ரோட்டில் வந்து நின்று மனையைப் பார்த்தார். நான் கட்டிலை இன்னும் நடுவில் இழுத்துப் போட்டேன்.

காற்றில் கம்பம் சாய்ந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் கரண்ட் இல்லை. வெல்டிங் நின்றுபோனது. கரண்ட் வந்தால் மழை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு டிராக்டர் வந்து எங்கள் மனை ஓரத்தில் கல்லுக்கால்களை இறக்கிவிட்டுப் போனது. வேலிக்குத்தான். நல்லவேளை, அன்றைக்கும் மழை. குழி தோண்ட முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் தறிக்கார அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு நான் பஸ் ஏறினேன். கூரை இருக்கிறதோ இல்லையோ, வண்டியை இன்றைக்கே கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும். பஸ்ஸுக்கு வாழை மரம் கட்டி மாலை போட்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் பண்டிகை. எனக்கு மட்டும் பண்டிகை இல்லை.

ஷெட்டுக்குப் போனால், தரையைக் கழுவிக் கோலம் போட்டிருக்கிறது. சாமி படத்துக்கு முன்னால் சுத்தியல், ஸ்பேனர், வெல்டிங் கண்ணாடி, ஜாக்கி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைத்து வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். எங்கள் வண்டி ஓரத்தில் நின்றது. வளைவுகளை ஒட்டிவைத்து, தகடும் போட்டாயிற்று. பின்பக்கம் ஒரு தகடுதான் பாக்கி. அந்த இடம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அது கெடக்கட்டும். தார்ப்பாயப் போட்டு மூடி ஓட்டிக்கிட்டு வாங்க. கல்லுக்கால் எறக்கிட்டாரு உங்க அண்ணன்" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

அவர் என்னைப் பார்க்காமல் சாமி படத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெற்றிலைத் தட்டில், வாழைப்பழத்துக்குப் பக்கத்தில், சந்தனம் வைத்து இருந்தது எங்கள் வண்டிச் சாவி.

"சாவியவா பூசையில வச்சிய?"

"வண்டி நம்ம சோறுல்லட்டி. வைக்காம எப்படி?"

"உங்களுக்கு மூள இருக்கா? எந்த நேரத்துல எத வைக்கிறது?"

"பட்டாளத்துலயே துப்பாக்கியப் பூசையில வச்சா மறுபூசை முடியாம தொட மாட்டோம். எல்லைல நிக்கவனே தொட மாட்டான்" என்றார். ஷெட்காரரும் சங்கடமாக நின்றார். "தங்கச்சி, காலையில அஞ்சு மணிக்கெல்லாம் மறுபூசை போட்டுருதேன். செத்த நேரத்துல அந்தத் தகட்ட அடிச்சு அனுப்பிருதேன். இன்னைக்குத் தொடச் சொல்லாத" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு எட்டு வைத்துத் தட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டேன். எடுத்து அவர் கையில் திணித்திருப்பேன். கை நீண்டது, அவ்வளவுதான். தொட முடியவில்லை. சின்னப் பிள்ளையிலிருந்து அந்த நாளில் பாடப் புத்தகத்தைக்கூடத் தொடாமல் வளர்ந்த கை. "நாசமாப் போங்க!" என்று பொதுவாக எல்லாரையும் திட்டிவிட்டு, அழுதுகொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன். ராஜபாளையம் வரைக்கும் வேலியைத்தான் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மனையில் இறங்கினால், கல்லுக்கால்கள் போட்ட இடத்தில் போட்டபடி கிடக்கின்றன. ஒரு குழி இல்லை. அண்ணனுடைய மாந்தோப்பு ஆட்கள் நாலு பேர் ரோட்டோரம் குத்தவைத்துப் பொரிகடலை தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, கடப்பாரை உங்க வீட்டுல பூசையில இருக்கு. நாங்க எதவச்சுத் தோண்ட?" என்றான் ஒருவன்.

"போய் எடுத்துட்டு வாலே!"

"போனோம். அக்கா தர மாட்டேன்னுட்டாக. கடப்பாரை, மம்பட்டி, முள்கம்பிக் கட்டு எல்லாத்துக்கும் சந்தனம் வச்சு வரிசையா அடுக்கிட்டாகளாம்."

"முள்கம்பியவுமா?"

"ஆமா மொதலாளி. அதுக்கு ஒரு மொழம் பூவும் சுத்தியிருக்காக."

எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா என்றால் என் ஓரகத்தி, அண்ணனின் மனைவி. கேஸ் போட்டதிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள். கல்நெஞ்சுக்காரி. புருஷன் மனை எடுப்பதற்குக்கூட நல்ல நாள் பார்க்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் போய் அதட்டி எடுத்துவரலாம். ஆனால் அவர் எடுக்க மாட்டார். ஒரு வருஷம் மறுபூஜைக்கு முன்னால் மண்வெட்டியை எடுத்து வாய்க்கால் வெட்டப் போய், தன் காலையே வெட்டிக்கொண்டவர் அவர். அந்தத் தழும்பைக் காட்டி ஊருக்கே புத்தி சொல்வார்.

என் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலையில மறுபூசை முடிஞ்ச கையோட குழி போட்டுருவேன். ஒன் வீட்ட எங்க நிறுத்துதனு பாப்போம்."

"பாப்போம் அத்தான்" என்றேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கம் போட்டாலும் அண்ணன்தான் ஜெயித்தார். அவர் வீடு முக்கில் இருக்கிறது. சூடத்தைக் காட்டின அடுத்த நிமிஷம் கடப்பாரை மனைக்கு வந்துவிடும். எங்கள் வண்டிக்கோ இன்னும் தகடு அடிக்க வேண்டும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வர வேண்டும். மனைக்கு வண்டி நுழைகிற வாய் ஒன்றுதான். அங்கே ரெண்டு கல்லுக்காலை நட்டால் போதும்.

விஜயதசமி விடிந்தது. நான் குளித்து, ஸ்டவ்வைப் பற்றவைத்து, நுழைகிற வாயிலேயே கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் மேலே கைவைத்து இழுத்தால் ஊரைக் கூட்டிவிடுவது என்று தீர்மானம். தோப்பு ஆட்கள் வந்தார்கள். வெறுங்கையோடு வந்தார்கள். அண்ணன் வந்தார், ஆட்களைப் பார்த்தார், வீட்டுக்குத் திரும்பிப் போனார். வெயில் ஏறியது. மறுபடி வந்தார், மறுபடி போனார்.

"என்னலே, இன்னும் பூசை ஆகலியா?" என்று ஒருவன் இன்னொருவனைக் கேட்டான்.

"அக்கா இன்னும் நல்ல நேரம் வரலன்னு சொல்லுதாக. சுண்டலே இப்பதான் வேகுதாம்."

ரோட்டில் வருகிற ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். ஆண்டாளே, தாயே, இந்த ஒரு தடவை என்று வேண்டிக்கொண்டேன். நானும் அவளை மாதிரிப் பிடிவாதக்காரிதான், அவளுக்குப் புரியும்.

அப்போது கேட்டது அந்த இருமல். முக்கில், அண்ணன் வீட்டுக்கு நேரே, நீட்டி ஒரு ஹாரன். என் வாழ்நாளில் அதைப்போல ஒரு நாதஸ்வரத்தை நான் கேட்டதில்லை. கட்டிலைத் தூக்கி ஓரத்தில் எறிந்தேன். பெயிண்ட் அடிக்காத புதுத்தகடு வெயிலில் கண்ணைக் கூச, எங்கள் வீடு கல்லுக்கால்களுக்கு நடுவில் நுழைந்து, வாகை மரத்துக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது. அவர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்கு நாலு பக்கமும் கல்லை அண்டக் கொடுத்தார். நான் திரையை மாட்டினேன், ஸ்டவ்வைத் தூக்கி வைத்தேன்.

செத்த நேரம் கழித்துத்தான் தோப்பு ஆட்களில் ஒருவன் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். நுனியில் சந்தனம் காயாமல் இருந்தது. பின்னாலேயே அண்ணன். வண்டியைப் பார்த்தார். கடப்பாரையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

கமிஷனர் மத்தியானத்துக்கு முன்னால் வந்தார். வண்டிக்குள் ஏறிக் கட்டிலில் உட்கார்ந்து, நான் கொடுத்த காபியைக் குடித்தார். மளிகைத் தட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "கூர புதுசா இருக்கே?" என்றார்.

"காத்துல போச்சுங்க. வீடுன்னா கூர மாத்தத்தானங்க வேணும்" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

கேஸ் இழுத்து இழுத்துத் தொண்ணூறுகளில் எங்களுக்குத் தீர்ப்பானது. அந்த மனையில் இரண்டு அறையில் ஒரு வீடு கட்டினோம். வண்டியை விற்றபோது அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குச் சில வருஷம் கழித்து அண்ணன் போய்ச் சேர்ந்தார். துக்க வீட்டுக்குப் போனோம். ஓரகத்தி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள், அவ்வளவுதான்.

அதற்கு மறுவருஷம் புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் பெருமாளைப் பார்க்கப் போயிருந்தேன். கூட்டத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது, படி ஓரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். கடந்துபோக மனசு வரவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த வண்டி எங்கட்டி?" என்றாள்.

"வித்தாச்சுக்கா."

"ம். அவரு அன்னைக்குக் கூடத்துல வச்சு ஒன்னச் சொன்னாருல்ல, பிள்ளையில்லாதவனுக்கு எதுக்கு மனைன்னு. நான் அடுப்படியில நின்னுக்கிட்டிருந்தேன். எனக்கு அன்னையில இருந்து சோறு எறங்கல. வெளிய வந்து ஒரு வார்த்த கேக்க தைரியமில்ல எனக்கு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கீழே படியேறி வருகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு மறுபூசைக்கு நல்ல நேரமெல்லாம் நான் பாக்கலட்டி. சூடத்தக் கையில வச்சுக்கிட்டு, முக்குல ஒங்க ஆரன் கேக்குதா கேக்குதான்னுதான் நின்னேன். கேட்ட பொறவுதான் கொளுத்துனேன்."

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.